அடுப்பில் வெந்த கோடரி

லெலாண்ட்,

பீன்ஸ் பானை ஓவனில் இருக்கிறது, மதியம் கொஞ்சம் வெந்நீர் ஊற்று. விறகடுப்புப் பக்கம் மட்டும் போகாதே. நேற்று நீ போனதே போதும்.

ஏழு வருஷம் பழைய சாமான் சந்தைகளில் நான் நாயாய் அலைந்து பிடித்த கோடரித் தலை அது. துளைக்குள் சிக்கிய உடைந்த காம்பை நிதானமாகக் குடைந்து எடுக்கலாம் என்றேன். நீயோ, "அடுப்புல போட்டா கட்டை தானா எரிஞ்சிடும், அஞ்சு நிமிஷ வேலை டாரிஸ்" என்று தலையோடு நெருப்பில் போட்டாய். கட்டை எரிந்தது. கூடவே சூடேறி எஃகின் பதமும் கடினமும் போனது. வெட்டுவாய் நீலம் பூத்துக் கிடக்கிறது. இனி அதை வைத்து வெண்ணெய்தான் வெட்டலாம்.

நாலு மணிக்கு அதைப் பார்க்கவென்றே பாங்கோரிலிருந்து பழங்கோடரி சேர்க்கும் ஆரின் வருகிறான். நீயே காட்டு. "வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்று புளுகினாயோ, பார். நான் மில்ஃபோர்டில் ஒரு வீட்டில் நடக்கும் பழைய சாமான் விற்பனைக்குப் போகிறேன்.

டாரிஸ்

பி.கு: கையுறை தேடிக் கொட்டகைக்குப் போனேன். பெஞ்சுக்கு அடியில் ஒரு புதுக் காம்பு, என் குட்டைக் கைக்கு அளவாய்ச் செதுக்கி, எண்ணெய் பூசி. இதற்காகவா அவ்வளவு அவசரப்பட்டாய்? வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, மனுஷா? இப்போது நிம்மதியாய்த் திட்டவும் முடியவில்லை.

காம்பை எடுத்துப் போகிறேன். இதற்குப் பொருந்தும் தலை கிடைக்காமல் வீடு திரும்ப மாட்டேன்.