எட்டு நாள் சொல்லாத வெள்ளைச் சதுரம்

சிநேகிதியே,

பக்கத்து வீட்டு பரீதா ராத்தாவின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். விருந்துக்கான அச்சாறு, அந்த வெங்காய ஊறுகாய், என் பொறுப்பு என்று யாரோ தீர்மானித்துவிட்டார்கள். காலையிலேயே ஒரு கூடை சின்ன வெங்காயம் வந்து இறங்கியது. உரித்து முடித்து வினாகிரிப் போத்தலைத் திறந்தேன். மூக்கில் ஏறியது நம் இருட்டறை வாசனை. எக்ஸ்ரே படம் கழுவும் அந்தப் புளித்த மருந்து வாசனை. உடனே நீ வந்து பக்கத்தில் நின்று, "இன்னும் எவ்வளவு நேரம்டி?" என்று கேட்கிறாய். நீ போய் இத்தனை வருடமாகியும் உன் அவசரம் மட்டும் போகவில்லை.

வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வருவதற்கு இன்று நல்ல சாக்கும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் நாம் இருவரும் உக்குவளையில் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வாடகைக்கு இருந்தோம். நீ தினமும் ரயிலேறிப் பல்கலைக்கழகத்து ஆய்வகத்துக்குப் போனாய். நான் எதிர்ப்பக்கம், மாத்தளை டவுனில் ஒரு டாக்டரின் தனியார் எக்ஸ்ரே அறைக்குப் போனேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. என் அண்ணன் குடும்பம் கப்பல் ஏறி இந்தியா போய்விட்டது. நம்மோடு ஞாயிறு பூசைக்கு நடந்து வந்தவர்களில் பாதிப் பேர் வவுனியாப் பக்கம் போய்விட்டார்கள். எனக்கு மிச்சம் நீ ஒருத்திதான். அதை உன்னிடம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, பிறகு நடந்ததெல்லாம் அதனால் வந்தது.

உன் இயந்திரத்தைப் பார்க்க ஒரே ஒரு தடவை வந்தேன். நடுவில் ஒரு செம்புத் தண்டு, அதைச் சுற்றிச் செம்புக் கம்பிகள், எல்லாவற்றையும் மூடி ஒரு உருக்குக் குடுவை, அதற்குள் கொஞ்சம் வாயு. கீழே டிரங்குப் பெட்டி அளவில் மின்தேக்கிகள். அவற்றில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, நொடியில் லட்சத்தில் ஒரு பங்குக்குள் எல்லாவற்றையும் அந்தத் தண்டுக்குள் கொட்டுவாய். அறை அதிர ஒரு வெடி. முதல் மாதம் அடுத்த அறைக்காரர்கள் ஒவ்வொரு வெடிக்கும் மேசைக்குக் கீழே போனார்கள் என்று சொல்லிச் சிரித்தாய். அந்த வருடங்களில் யார்தான் போகமாட்டார்கள்?

"வாயு சூடாகிச் சூடாகி அணுவெல்லாம் உடைஞ்சு ஓடும். அதுதான் பிளாஸ்மா," என்றாய். "அத அந்த மின்சாரமே நசுக்கித் தண்டு நுனிக்குக் கொண்டுவந்திரும். ஒரு ஊசி அளவுதான் இருக்கும். அதுக்குள்ள சூரியனுக்கு நடுவுல இருக்கிற மாதிரி சூடு."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"நீ கேக்க வாயத் தொறக்க முந்தி முடிஞ்சிரும். முடியிறதுக்குள்ள எக்ஸ்ரேயைத் துப்பிட்டுத்தான் போகும்."

எக்ஸ்ரே என்றதும் எனக்குத் தொழில் ரோஷம் வந்தது. என் மெஷினில் இல்லாதது உன் குடுவையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "உன் மெஷின் எலும்பைப் பாக்கும். என் மெஷின் துப்புறது மென்மையானது, தும்பி இறக்கையையே பாக்கும். பறக்கிற தும்பியக்கூட அசையாமப் பிடிச்சிரலாம், அவ்வளவு சின்ன நேரம்," என்றாய். வெளிநாட்டில் இந்த ஒளியால் கம்ப்யூட்டர் சில்லுகளில் தலைமுடியைவிட மெல்லிய கோடுகளை அச்சடிக்கப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னாய். சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் போன பெண் முகம்கூட அப்படி இராது.

ஆனால் படம் ஒன்றுகூட வரவில்லை. பேராசிரியர் மாத முடிவுவரை தவணை கொடுத்திருந்தார். அதற்குள் எக்ஸ்ரே வருவதற்குச் சான்றாக ஒரு படம் காட்டாவிட்டால் மின்தேக்கிகள் வேறு பிரிவுக்குப் போய்விடும். மலேசியாவில் ஒரு ஆய்வகத்தில் உனக்கு இடம் பேசியாயிற்று. அவர்கள் கேட்டதும் அந்த ஒரு படத்தைத்தான். அது கிடைத்தால் நீ விமானம் ஏறுவாய், கிடைக்காவிட்டால் உக்குவளையிலேயே டீச்சர் ஆவாய்.

சனிக்கிழமைகளில் டாக்டர் வரமாட்டார். கீழே ஊற்றப்போகும் பழைய மருந்தில் உன் குட்டி பிலிம்களைக் கழுவிக்கொள்ள அவரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். வெடிக்கும்போது குடுவையில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சமும் வரும், அது பிலிமைக் கெடுத்துவிடும். வெளிச்சத்தை மறித்து எக்ஸ்ரேயை மட்டும் உள்ளே விட, பிலிமுக்கு முன்னால் மெல்லிய அலுமினியத் தாள் வேண்டும். நீ எங்கும் தேடவில்லை. உன் அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டி அடிப்பவர். பெட்டிக்குள் விரிக்கிற வெள்ளித் தாளில் ஒரு சுருள் கொண்டுவந்தாய். ஒரு பக்கம் கடதாசி ஒட்டியிருந்தது. அளந்து பார்த்தாயா என்று நான் கேட்டதற்கு, "பொறந்ததுல இருந்து பாக்கிற தாளு. இத அளந்து வேற பாக்கணுமா?" என்று மூக்கைச் சுளித்தாய். பிலிம்கள் எல்லாம் வெறுமையாகவே வந்தன.

அந்த வெள்ளிக்கிழமை மணிக்கட்டு உடைந்து ஒரு முஸ்லிம் நானா வந்தார், மிளகு வியாபாரி. படத்தை ஈரத்தோடு தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, எலும்புக்குப் பக்கத்துல வெள்ளையா சதுரமா அது என்ன? அல்லாவே, எனக்குள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல நானா. என்னோட கவனக்குறைவு. உங்க எலும்பு நல்லா ஒட்டிரும்."

போன சனிக்கிழமை நீ விட்டுப்போன தாள் துண்டு ஒன்று மேசையில் கிடந்து, படத் தட்டில் ஒட்டியிருக்கிறது. அலுமினியம் என்றால் என் மெஷினுக்கு அது தெரியவே தெரியாது, நிழல்கூட விழாது. இப்படி வெள்ளையாக மறிப்பது, நான் தினமும் கட்டுகிற ஏப்ரனுக்குள் இருக்கும் ஈயம்தான். கடதாசியை உரித்து நகத்தால் கீறினேன். வழவழவென்று மங்கலாகக் கோடு விழுந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு ஈயத்தில் தாள் அடித்தார்கள் என்று உன் அப்பாவே ஒருநாள் சொல்லியிருக்கிறார். ஃபெக்டரி ஸ்டோரின் மூலையில் கிடந்த பழைய சுருள் அது. உன் இயந்திரம் ஒவ்வொரு வெடிக்கும் எக்ஸ்ரேயைத் துப்பிக்கொண்டுதான் இருந்தது, உன் அப்பா கொடுத்த தாள் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

அன்று மாலையே உன்னிடம் ஓடி வந்திருக்க வேண்டும். வந்தேன், அறை வாசல் வரைக்கும். நீ கட்டிலில் உட்கார்ந்து எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். "என்னடி?" என்றாய். "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. வெறும் பிலிம் என்று தெரிந்தே உன்னோடு நின்று கழுவினேன். செவ்வாய்க்கிழமை என் மேசையில் உட்கார்ந்து டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் எழுதினாய். "மெஷின்ல பிழையில்ல. எனக்குத்தான் மூளை போதாது," என்று சாதாரணமாகச் சொன்னாய். நான் உனக்குத் தபால் முத்திரை ஒட்டிக் கொடுத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நீ உடைந்துபோனது தெரிந்தும், நீ எங்கும் போகமாட்டாய் என்ற நிம்மதியில் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எட்டாம் நாள், மறு சனிக்கிழமை. சிவப்பு விளக்கடியில் இன்னும் இரண்டு வெறும் பிலிம்கள். நீ தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாய். "உன் மருந்தையெல்லாம் சும்மா வீணாக்கிட்டேன். கோவிச்சுக்காத," என்றாய். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாய்! அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அந்தத் தாளு ஈயம்டி," என்றேன்.

விளங்கிக்கொள்ள உனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த கேள்விதான் வந்தது. "எப்ப தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. "போன வெள்ளிக்கிழமை," என்றேன்.

"நான் விண்ணப்பம் எழுதும்போதும் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டி?"

"படம் வந்தா நீ போயிருவ."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நீ அதை இறுக்கி மூடினாய்.

"போகாதன்னு சொல்ல உனக்கு வாயில்லையா?"

"சொன்னா நிப்பியா?"

"நிக்க மாட்டேன். ஆனா நீ சொல்லியிருக்கணும். என்னைய மக்குன்னு நெனைக்க வச்சிட்டியே."

நான்கு நாள் நீ என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் ஒரு புதுச் சுருளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாய். "உன் மெஷின்ல வச்சுப் பாத்துச் சொல்லு," என்றாய். படத் தட்டில் வைத்துப் பார்த்தேன், நிழலே விழவில்லை. அலுமினியம்தான்.

தவணையின் கடைசிச் சனிக்கிழமை, பஸ் ஸ்டாண்ட் காவலரணில் உன்னை மறித்தார்கள். நான் உனக்காகக் காத்து நின்றேன். கறுப்புக் கடதாசிப் பொட்டலத்தைத் திற என்று கொன்ஸ்டபிள் சொல்கிறார், நீ மாட்டேன் என்கிறாய். தமிழ்ப் பெண், கறுப்புப் பொட்டலம், அந்த வருடங்கள். அவர் திறந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நீ போகவும் மாட்டாய், பழி என்மேல் வரவும் மாட்டாது. அந்த நினைப்பு ஒரு கணம் எனக்குள் வந்து போனது, பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் இடையில் புகுந்தேன். அவருடைய முழங்காலைப் போன மாதம்தான் படம் எடுத்திருந்தேன். "ரால, இது எக்ஸ்ரே பிலிம். வெளிச்சம் பட்டால் செத்துப்போகும். நம்பாவிட்டால் எங்களோடு வாருங்கள், இருட்டறையில் உங்கள் கண் முன்னாலேயே திறக்கிறோம்," என்று, பொலிஸ்காரருக்குரிய ரால என்ற மரியாதை சேர்த்து, சிங்களத்தில் சொன்னேன்.

மனிதர் வந்துவிட்டார்! அந்தச் சின்ன அறையில் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நம் இருவருக்கும் நடுவில் நின்றார். முதல் பிலிமை மருந்தில் விட்டேன். மெல்ல ஒரு கறுப்புப் பொட்டு எழும்பியது. பொட்டின் மேல் நகக்கீறல் அளவில் ஒரு கோடு. நீ சொன்ன அந்தப் பிளாஸ்மா ஊசிதான். நீ சத்தம் போடுவாய் என்று நினைத்தேன். நீயோ என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாய்.

கொன்ஸ்டபிள் குனிந்து பார்த்தார். இவ்வளவுதானா, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். "சூரியன் ரால, சின்னச் சூரியன்," என்றாய். அவர் உன்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நம் இருவருக்கும் ஏதோ கோளாறு என்ற முடிவோடு வெளியே போனார்.

மூன்று மாதத்தில் நீ கிளம்பினாய். மாத்தளை ஸ்டேஷனில் வண்டி நகர்ந்தபோது, "சாப்பாட்டைக் கவனிச்சுக்க," என்று மட்டும் சொன்னேன். போகாதே என்ற சொல் அன்றும் வாயில் வரவில்லை. நீ ஜன்னலில் அதற்காகத்தான் காத்திருந்தாய் என்று தெரிந்தும் வரவில்லை.

உன் கடிதங்கள் வந்தன. இரத்தம் குடிக்கும் நுளம்பை உயிரோடு படம் எடுத்தேன், காலில் இருந்த மயிர்கூடத் தெரிகிறது என்று எழுதினாய். கோடுகளை அச்சடிக்கும் வேலையில் இரண்டு வருடம் தோற்று மூன்றாம் வருடம் கொஞ்சம் ஜெயித்தோம் என்று எழுதினாய். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரே வரி இருக்கும்: "தாளை அளந்துதான் வைக்கிறேன்." அந்த வரியில்தான் நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன்.

நாட்டில் போர் முடிந்து சில மாதத்தில் நீ மலேசியாவிலிருந்து கோல் எடுத்தாய். உன் நெஞ்சைப் படம் எடுத்திருக்கிறார்கள், அறிக்கை வர ஒரு கிழமை, ஏழு நாளாவது ஆகுமாம். "உனக்கு ஈமெயில் பண்ணியிருக்கேன். பாத்துச் சொல்லு," என்றாய். அலுவிகாரையில் நான் இப்போது இருக்கும் வீட்டுக்குக் கீழே ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. அங்கே கணினியில் திறந்தேன். முப்பது வருடம் நெஞ்சுப் படங்கள் பார்த்த கண்ணுக்கு இரண்டாம் தடவை பார்க்கத் தேவைப்படவில்லை. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று நழுவியிருக்கலாம், அதுதான் முறையும்கூட. கடை வாசலிலேயே நின்று உனக்குக் கோல் எடுத்தேன்.

"நான் டாக்டர் இல்ல. ஆனா நல்லதாப் படல்லடி."

"இந்தத் தடவை எட்டு நாள் எடுக்கல்ல நீ," என்றாய். சிரித்தாயா அழுதாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அறிக்கைக்குக் காத்திராமல் டிக்கெட் போட்டு வந்தாய். மூன்று கிழமை இந்த வீட்டில் இருந்தாய். நடக்க முடிந்த நாளெல்லாம் நடந்தோம். பேச முடிந்ததையெல்லாம் பேசினோம். திரும்பிப் போய்ச் சிகிச்சை தொடங்கிய பிறகு உன்னால் மறுபடி விமானம் ஏற முடியவில்லை, நீ கண்மூடும் முன் அந்த மூன்று கிழமைதான் நமக்குக் கிடைத்தது. உன்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வேன் வந்து நின்றது. நீ ஏறி உட்கார்ந்தாய். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"போகாதடி," என்றேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமே இல்லை. நீ கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாய்.

"போகத்தான் வேணும்," என்றாய். "ஆனா இதக் கேக்க எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?"

இருபத்தைந்து வருடம் பிந்தித்தான் சொன்னேன், ஆனால் உன் காது கேட்கச் சொன்னேன். உன்னை நினைத்து அழும்போதெல்லாம் அந்த நினைவுதான் என்னைத் தேற்றுகிறது.