முதல் எண்ணெய்

1936 ஜூன் 8, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். என்மேல் குற்றம் என்றாலும் மறைக்க மாட்டேன்.

குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அப்பாவின் வேலை. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு கல் உண்டு. ஆட்களை அதில் உட்காரவைத்துத் தேய்ப்பார்கள். சாரல் தொடங்கினதும் எல்லோரும் முதல் எண்ணெயை மாடன்சாமிக்கு ஊற்ற வேண்டும். அப்பா போன வருஷம் ஞானஸ்நானம் பெற்று ஏசுவடியான் ஆனவர். ஊற்றவில்லை. அவர் கல்லில் இன்று வேறொருவன்.

தேய்ப்புக்காரர்களுக்குப் பெரியவர் செல்லப்பா. “ஏலே, சாமிக்கு ஊத்திட்டு வா. கல்லு எங்கயும் ஓடிராது” என்றாராம்.

ஜூன் 14, ஞாயிறு

வேதக்கோயிலில் உபதேசியார் பிரசங்கம்: விசுவாசம் ஓட்டப்பந்தயம், கடைசிவரை ஓடுகிறவனுக்கே கிரீடம். அவர் எங்கேயும் ஓடினதாகத் தெரியவில்லை. ஓடுகிறவன் வீட்டில் அரிசி இல்லை.

ஜூன் 17

பள்ளிக்கூடத்தில் ஓட்டம். சொக்கம்மாள் புளியமரத்தைச் சுற்றாமல் குறுக்கே வந்து முந்தினாள். டீச்சரிடம் நான்தான் சொன்னேன். திரும்பவும் முதலிலிருந்து ஓட வைத்தார்கள்.

“கோள்மூட்டி. ஒங்க அய்யாவத் தொரத்தினது சரிதாம்ட்டி” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூன் 22

நல்ல சாரல், நல்ல கூட்டம். அப்பா தினமும் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் ஓரமாக நின்றுவிட்டு வருகிறார். மூக்கம்மாள் அத்தை வாசலில் நின்றே பேசினாள்: “சாமிய விட்டவனுக்கு சோறு எங்கன இருந்துலே வரும்?” அப்பா உள்ளே போய் முழங்காலிட்டார்.

எனக்கு அப்பாவைப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன்.

ஜூன் 24

தங்கச்சி வெறும் கஞ்சிக் கலயத்தை நக்குகிறாள்.

ஜூன் 25

பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பாவின் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்தேன். அப்பா அனுப்பினதாகச் செல்லப்பாவிடம் சொன்னேன். “அவுகளுக்கு வெக்கமா இருக்கு. ஒண்ணும் கேக்காதிய அண்ணாச்சி.”

“புத்தி வந்திட்டா? ஊத்துட்டி.”

ஊற்றினேன். ஒரு சொட்டும் கீழே சிந்தவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

வெள்ளிக்கிழமையே செல்லப்பா கூப்பிட்டு அப்பாவின் கல்லைக் கொடுத்துவிட்டார். வீட்டில் சோறு. அப்பா இன்று கோயிலில் எழுந்து சாட்சி சொன்னார்: “நான் ஒண்ணும் செய்யல. கர்த்தரே அவுக மனச எளக்கினாரு.” எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நான் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

ஜூன் 30

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். கையிலிருந்த துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

“குறுக்க வந்தவளத் திருப்பி ஓட வச்சாகன்னு நீதானட்டி சொன்ன?”

பிறகு மெதுவாக, “அந்தச் சோத்த நானும் தின்னுட்டேனே” என்றார்.

ஜூலை 1

அப்பா என்னையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். செல்லப்பா கோபிக்கவே இல்லை. அதுதான் மோசம்.

“எவ ஊத்துனா என்னலே? ஒம் பேருல ஊத்தியாச்சு. சாமி ஒத்துக்கிட்டாரு. பேசாம உக்காரு.”

உட்காருங்கப்பா, உட்காருங்க — மனசுக்குள் கெஞ்சினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

“நான் ஊத்தல அண்ணாச்சி” என்று அப்பா கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் யாரோ காறித் துப்பினார்கள். தென்காசியில் வீடு வரைக்கும் மழை. அப்பா முன்னால், நான் பின்னால்.

ஜூலை 5, ஞாயிறு

அப்பா கோயிலில் மறுபடி எழுந்து, போன வாரம் சொன்ன சாட்சி தப்பு என்றார். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. உபதேசியார் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார்.

ஜூலை 14

அப்பா புளியறைப் பக்கம் விறகு சுமக்கிறார். குற்றாலத்திலிருந்து வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை.

ஜூலை 18

பொழுது சாய வந்தார். தோள் இரண்டும் உரிந்திருந்தன. ஊருக்கெல்லாம் தேய்த்துவிட்டவர், அவருக்கு ஒருவரும் தேய்த்ததில்லை. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, “இங்கன கொஞ்சம் தேய்ச்சு விடுட்டி” என்றார்.

புட்டியில் ஒரு சொட்டு இல்லை. இருப்பது இந்த அகலில் உள்ள எண்ணெய்தான். அதை எடுக்க, நான் எழுதி முடிக்கட்டும் என்று அம்மா பக்கத்தில் நிற்கிறாள் —

இருட்டிலேயே எழுதுகிறேன்: விளக்கை அணைத்துவிட்டாள்.