பெயரில்லாமல் வந்த அழைப்பு

அண்ணே,

உங்கள் நீலக் கோப்பு மறுபடியும் என் மேசைக்கே வந்துவிட்டது. அட்டையில் இன்னும் தைல வாடை. லோரி இருக்கைக்குப் பின்னால், தைலப் புட்டியோடுதான் வைத்திருந்தீர்களாம். உங்கள் மனைவி சொன்னார்.

காப்பார் ஊரிலிருந்து கிள்ளானில் உள்ள என் கிளினிக்கிற்கு முதல்முறை வந்த அன்று, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரியைத் தெருமுனையில் விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். பேசத் தொடங்கியதும் மூன்று முறை கதவைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"பின்னால ஆளு நிக்கலையா டாக்டர்?"

மாதச் சந்தா கட்டும் குடும்பங்களை மட்டும் பார்க்கிறேன், இன்சூரன்ஸ் கார்டு எதையும் வாங்குவதில்லை, ஆளுக்கு அரை மணி நேரம், என் சொந்தக் கைப்பேசி எண்ணும் உண்டு என்று விளக்கினேன். நீங்கள் நம்பியதாகத் தெரியவில்லை. இருபது நிமிடம் முழங்கால் வலியையே பேசிவிட்டு, எழுந்திருக்கும்போதுதான் கால் விரல் மரத்துப்போவதைச் சொன்னீர்கள். அப்படித்தான் உங்கள் சர்க்கரை பிடிபட்டது.

அதன்பிறகு தினமும் படம் அனுப்பினீர்கள். தட்டில் பாதி ரொட்டி சானாய், கீழே "பாதிதான் டாக்டர்." மீதிப் பாதி எங்கே என்று கேட்டால் மட்டும் பதில் வராது. எரிச்சலாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

பிறகு துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி வேலை கிடைத்தது. கம்பெனி மருத்துவ கார்டு கொடுத்தது. அதைச் சொல்ல நேரிலேயே வந்து, உட்காராமல் நின்றீர்கள். "கோவிச்சுக்காதீங்க டாக்டர். இங்கயே வந்தா கார்டு சும்மாதானே கெடக்கும்லா."

கோபமில்லை என்றேன். பொய். எனக்கு வலித்தது. உறுப்பினர் விலகினால் கோப்பைக் கையில் கொடுத்துவிட்டு, கைப்பேசியிலிருந்து பெயரை அழித்துவிடுவது என் வழக்கம். பெயரில்லாத எண்ணை எடுப்பதில்லை என்பதும் நானே போட்ட விதிதான். மற்றவர்கள் பெயரை வார இறுதியில்தான் அழிப்பேன். உங்கள் பெயரை நீங்கள் படியிறங்கி முடிப்பதற்குள் அழித்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. வெறும் எண். கடன் வேண்டுமா என்று கேட்பவர்களாக இருக்கும் என்று குப்புறக் கவிழ்த்து வைத்தேன். நெடுநேரம் அடித்து ஓய்ந்தது. ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். அதுகூட நினைவிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு உங்கள் மனைவி கோப்போடு வந்தார். நீங்கள் போய்விட்டது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னு ரெண்டு தடவ கார்டு கிளினிக்குக்குப் போனாரு. ஒவ்வொரு தடவையும் வேற வேற டாக்டர். கேஸ்ட்ரிக்குன்னு மருந்து குடுத்தாங்க. உங்களுக்கு போன் அடிக்கச் சொன்னேன். மெம்பர் இல்லலா, எப்படி கூப்பிடுறதுன்னாரு. அப்புறம் அவரே ஒரு செவ்வாக்கெழம மத்தியானம் அடிச்சாரு. நீங்க எடுக்கல. டாக்டருக்கு வேல இருக்கும்னு போனை வச்சிட்டாரு. மறுநாள் காலையில லோரியிலயே..."

என் மேல் உங்கள் மனைவிக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு வேலை இருந்ததாகவே நினைக்கிறார். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன். எடுத்திருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று தெரியாது. உங்கள் கோப்பு என் மனப்பாடம். உங்கள் சர்க்கரைக்கு நெஞ்சு அப்படி இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம் என்பதை ஒரு நிமிடத்தில் கேட்டறிந்து, லோரியை அங்கேயே நிறுத்திவிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்பேன். அது மட்டும் தெரியும்.

இப்போது யார் விலகினாலும் பெயரை அழிப்பதில்லை. பெயரில்லாத எண்கள் எல்லாவற்றையும் எடுக்கிறேன். முக்கால்வாசி கடன் கொடுக்கும் கம்பெனிகள்தான். அவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்கிறேன்.

உங்கள் எண்ணை மறுபடியும் உங்கள் பெயரிலேயே பதிந்து வைத்திருக்கிறேன். அந்தக் கைப்பேசி இப்போது உங்கள் மனைவியிடம். அவருக்கும் சர்க்கரை, போன மாதம் உறுப்பினராகச் சேர்ந்தார். அவர் அழைக்கும்போதெல்லாம் திரையில் உங்கள் பெயர் வருகிறது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுகிறேன். "சொல்லுங்க அண்ணே" என்று வாய் வரை வருகிறது. விழுங்கிக்கொண்டு, "சொல்லுங்க அக்கா" என்கிறேன்.