தோஹாவில் ஒரு தாலாட்டு

மருதமுனை முகாம்
12.02.2005

தம்பிக்கு ஸலாம்.

உன் மகள் இன்னும் உறங்குகிறாள் இல்லை. பால் கொடுத்து, தோளில் போட்டு, இந்தப் பள்ளிக்கூட வராந்தாவில் இரவு முழுக்க நடக்கிறேன். அவள் உம்மா பாடிய தாலாட்டையே பாடினாலும் சின்னக் கையால் என் வாயைப் பொத்துகிறாள். பக்கத்துப் பாயில் படுப்பவள், "என்ன புள்ள, இண்டைக்கும் விடிய விடியத்தானா?" என்று கேட்கிறாள்.

போன நோன்பில் ஜெஸீமா உனக்குக் கேசட்டில் பேசி அனுப்பினாளே. பாதியில் பிள்ளை அழ, நிறுத்தாமலே பாடி உறங்க வைத்தாள். பக்கத்தில் இருந்த நான், "ரெக்கோடர நிப்பாட்டு புள்ள" என்றேன். "கிடக்கட்டும் மதினி, அவரும் கேக்கட்டும்" என்று சிரித்தாள்.

அந்தக் கேசட்டை இங்கே அனுப்பச் சொல்லி இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். அவளைக் கொண்டுபோன கடல் நம் வீட்டில் அவளுடையது எதையும் விட்டுவைக்கவில்லை, ஒரு படம்கூட.

பிரதி எடுக்க தோஹாவில் கடையில் கொடுத்தால் நாடா அறுந்துவிடும் என்று பயப்படுகிறாய். அதைக் கேட்காமல் உனக்கு உறக்கம் வராது என்றும் எழுதுகிறாய்.

உனக்கு முப்பது வயது, தம்பி. அவளுக்கு ஒன்றரை.

உன் ராத்தா