அப்பா கட்டும் கம்பம்

எஸ்பியர்க், டென்மார்க்,
ஏப்ரல் 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அங்கே வெயில் கொளுத்தும், தொப்பி போடாமல் ஏணியில் ஏறவேண்டாம். அம்மா படுத்த பிறகு குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். மின்னஞ்சல் என்றால் அவ பார்த்துவிடுவா. கம்பனி விலாசத்துக்குப் போட்டால் சாமான் கப்பலில் வந்துசேரும் என்று நினைக்கிறேன்.

எல்லாருக்கும் சொல்லியிருப்பதுபோல நீங்கள் வடகடலில் எண்ணெய் மேடையில் இல்லை என்று எனக்குத் தெரியும். லீவில் வந்தபோது விட்டுப்போன சப்பாத்தை அம்மா வாசலில் தட்டிக்கொண்டிருந்தா. அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர்க்காரர் அந்தோனிதாசன் மாமா வந்தார். அடியில் இறுகியிருந்த வெள்ளைக் கல்லை நகத்தால் கிளப்பினார். அவருடைய ஆட்கள் ஊரில் கடலில் எடுத்த முருகைக்கல் சுட்டுச் சுண்ணாம்பு விற்றவர்கள். தங்கச்சி, உங்கடை மனுசன் எண்ணெய் எடுக்கிறாரோ, சுண்ணாம்பு சுடுறாரோ என்று கேட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அவர் போன பிறகுதான் எனக்குச் சொன்னா. இந்து சமுத்திரத்தில் ஒரு சின்ன முருகைத் தீவாம். ஏதோ ஓர் இராணுவத்துக்குத் தொலைத்தொடர்புக் கம்பம் கட்டுகிறீர்களாம். எந்த இராணுவம் என்று உங்களுக்கே சொல்லவில்லையாம். வெளியிலை வாய் திறந்திடாதை, பிறகு சனம் எங்களோடை முகம் குடுத்துக் கதையாது என்றா.

அப்பா, எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது. முருகைக்கல் சின்னச் சின்ன உயிர்கள் கட்டியது என்று எங்கள் ரீச்சர் சொன்னா. அதில் துளை போட்டால் கம்பம் நிற்குமா, ஆடுமா? காற்று அடித்தால் இழுத்துக் கட்டிய கம்பிகள் சத்தம் போடுமா? குடிக்கத் தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள்? உச்சியில் நின்றால் ஊர் எந்தப் பக்கம் என்று தெரியுமா? வகுப்பில் இருக்கும் பூமிப்பந்தில் உங்களைத் தேடினேன். அங்கே வெறும் நீலம்தான்.

இன்னொன்று. அந்தக் கம்பம் கதைப்பதற்கு மட்டுமா, மற்றவர்கள் கதைப்பதைக் கேட்பதற்குமா?

போன கிழமை அம்மாவின் தம்பி குலேந்திரன் மாமா சண்டை நடக்கும் வன்னியிலிருந்து யாரோ ஒருவரின் சற்றலைட் போனில் எடுத்தார். பங்கருக்குள்ளை இருக்கிறம், பிள்ளையளுக்குக் கஞ்சி கிடைச்சது, அக்கா அழாதேங்கோ என்றார். அம்மா விடவில்லை. தம்பி, எந்த இடம், விளப்பமாச் சொல்லு என்று திரும்பத் திரும்பக் கேட்டா. மாமா கோயிலின் பெயரைச் சொன்னார், பக்கத்தில் உள்ள வாய்க்காலையும் சொன்னார். யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் குண்டு அங்கேயே வந்து விழுமே என்று, எனக்கு அம்மாவின் கையிலிருந்து போனைப் பறித்து வைத்துவிடவேண்டும் போல இருந்தது.

அம்மாவிடம் இதைச் சொல்லமாட்டேன். சொன்னால் தம்பியின் குரலுக்கும் பயப்படத் தொடங்கிவிடுவா.

பள்ளிக்கூடம் விட்டு நான்தான் முதலில் வீட்டுக்கு வருகிறேன். மாமா திரும்ப எடுத்தால் நான் போனைத் தூக்கலாமா? ஓம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதுங்கள், அம்மாவுக்கு விளங்காது. உங்கள் பதில் வரும்வரை அவர் எடுக்கக்கூடாது என்று கும்பிடவும் என்னால் முடியவில்லை.

கம்பம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் கவனமாக இறங்கி வாருங்கள்.

உங்கள் மகள்,
சாரங்கி