ஜன்னல் கண்ணாடியில் பன்னிரண்டு தாள்கள்

புனே

அன்புள்ள சுப்ரஜாவுக்கு,

நீ ஆகுர்டியிலிருந்து செய்து அனுப்பிய தாளில், உன் மாமனாரின் பேனாவால் எழுதுகிறேன். மை ஊறவில்லை. ஓரத்தை மட்டும் இன்னும் நேராக வெட்டியிருக்கலாம்.

அன்று, எரவாடா பாலத்தடியில் அள்ளிய ஆகாயத்தாமரையையும் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கடற்பாசிச் சக்கையையும் அரைத்து, என் ஜன்னல் கண்ணாடியில் பன்னிரண்டு தாள்களை ஒட்டிக் காயவைத்திருந்தாய். மறுநாள் நீ கம்பெனியில் காட்டவேண்டிய மாதிரிகள். ஆற்று நாற்றம் பொறுக்காமல், தெரிந்தே, அவற்றை ஈரத்துணியால் வழித்தெடுத்தேன்.

என் மகன் முகுந்த் வந்து கேட்டபோது துணி என் கையில்தான் இருந்தது.

"நான்தான் சரியா ஒட்டலை, விழுந்துடுத்து" என்றாய்.

அவன் உன்னைத் திட்டினான். நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து நன்றி சொல்கிறேன். என் மகனுக்குத் தமிழ் படிக்க வராது. இதை நீயே அவனுக்கு வாசித்துக் காட்டு. எனக்காக ஒரு வரியையும் விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் மாமியார்