கரகத்திற்கு மணி

22-5-1983
முனிராஜ் வந்தான். என்னிடம் படித்தவன்; இப்போது மாரியம்மன் கோயில் கமிட்டிச் செயலாளர். "சார், இந்த வருசம் உங்க அந்தோணியார் சப்பரம் எங்க கோயில் முன்னால நிக்க வேண்டாங்க. உங்க சாமிக்கு எங்க பூசாரி எதுக்கு மாலை போடணும்?"

உட்காரச் சொல்லவில்லை.

24-5-83
பூசாரி மாரப்பன் சிரித்தார். "எங்கப்பன் போட்ட மாலைங்க. நானும் போடுவேன். ஆடியில கரகம் சர்ச்சத் தாண்டறப்ப நீங்க மூணு மணி அடிக்கலீங்களா? பசங்க ஆடி அடங்கிருவானுங்க. காயிதம் கீயிதம் எழுதிராதீங்க, வாத்தியாரே."

எம்.ஏ. படித்தவனுக்கு அறிவுரை!

25-5-83
எழுதினேன். தாசில்தாருக்கு நான்கு பக்கங்கள். சப்பரம் நிற்பது எங்கள் உரிமை. தடுத்தால் அமைதி குலையும். ஒரு சொல்லிலும் சூடு இல்லை. என் கோபம் அப்படித்தான்.

3-6-83
சப்பரம் நிற்குமிடத்தில் கருங்கற்கள். எறியவில்லை, அடுக்கியிருக்கிறார்கள். கோயில் தெருக் கடையில் என் மனைவி ராஜமேரிக்கு உப்பு இல்லையாம். மூட்டை வாசலிலேயே இருந்ததாம்.

7-6-83
விசாரணை. "எழுத்துல ஆதாரம் இருக்கா?" என்றார் தாசில்தார்.

"மாலை போடறதுக்கு எதுக்குங்க எழுத்து?" என்றார் மாரப்பன்.

முனிராஜ் வாயே திறக்கவில்லை. ஏன்?

10-6-83
உத்தரவு: 'மனுதாரர் சுட்டிய பதற்றம் கருதி, இரு தரப்பு ஊர்வலங்களும் தத்தம் தெருவுக்குள் மட்டும். மறு தரப்புச் சடங்கில் எவரும் பங்கேற்கலாகாது.'

மனுதாரர் - நான்.

13-6-83
சப்பரம் எங்கள் தெரு முனைத் தபால்பெட்டி வரை போய்த் திரும்பியது. போலீஸ் கட்டிய கயிற்றுக்கு அப்பால் மாரப்பன், கையில் மாலையுடன். என்னைப் பார்க்கவில்லை.

14-6-83
முனிராஜ் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தான். "இந்த மாலை போடறத நிறுத்த ரெண்டு வருசமா முட்டிப் பாத்தோம் சார். நீங்க ஒரே காயிதத்துல முடிச்சிட்டீங்க." கேலி இல்லை, உண்மையான நன்றி. போடா வெளியேன்னு கத்தியிருக்கணும். கத்தல. பழத்த வாங்கி வெச்சுக்கிட்டேன் - நான்!

26-7-83
கரகம் எங்கள் தெரு முனைவரை வந்தது. சுமந்து வந்த மாரப்பன் பழக்கத்தில் நின்றுவிட்டார். பம்பையும் நின்றது. நான் சர்ச் மணிக்கூண்டின் கீழ். என் அப்பாவுக்குப் பிறகு இருபது ஆண்டுகளாக நான் பிடிக்கும் கயிறு, கையில்.

"வேண்டாங்க சார். நீங்க வாங்குன ஆர்டர்தானுங்களே" என்றார் கான்ஸ்டபிள்.

மாரப்பன் காத்திருந்தார். பிறகு திரும்பினார்.

அந்தப் பக்கம் எவனோ கை தட்டினான். என் முதுகுக்குப் பின்னாலும், எங்கள் ஆட்களில் ஒருவன் தட்டினான்.